விதைத்த காட்டில் புறா விழுந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

புரட்டாசியில் மானாவாரி விதைப்பு தொடங்கியதும் பேரையூர், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காடுகளிலிருந்து (மதுரை மாவட்டம்) ஆண்டுதோறும் ஒரே முறையீடு வருகிறது: விதையைப் புறா பொறுக்கிவிட்டது, முளைப்பு இல்லை, மறுவிதைப்புக்கு விதை வாங்கக் கையில் காசு இல்லை. இப்படிப்பட்ட காடுகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. புறாவை விரட்டுவதில் செலவாகும் உழைப்பில் பாதியை, அது எந்த மரத்தில் அமர்ந்து நோட்டம் பார்க்கிறது, எந்த வெற்றுத் தரையில் இறங்குகிறது, எந்த நீர்நிலைக்குப் போகிறது என்று கவனிப்பதில் செலவிட்டால், சேதம் பெருமளவு குறைந்துவிடுகிறது. ஒரு காலத்தில் கண்ணியும் கவணும் கொண்டு புறா பிடித்தவர்கள் பறவையைத் தேடுவதற்கு முன் மரத்தையும் தரையையும் தண்ணீரையும்தான் பார்த்து வைப்பார்கள். அந்த அறிவு இன்று வெள்ளாமையைக் காப்பதற்குப் பயன்பட வேண்டும். பறவையைக் கொல்வதற்கு இனி அதில் இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தக் காட்டுப்புறாக்களைக் கொல்வதும் பிடிப்பதும் கண்ணி வைப்பதும் மட்டுமல்லாமல், முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டையாகவே கருதப்படும்.

தொடங்கும் முன்: வந்திருப்பது எந்தப் புறா

கழுத்தின் பின்புறம் கறுப்புத் திட்டில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது மணிப்புறா. மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் போன்ற பெரியாறு கால்வாய்ப் பாசனப் பகுதிகளில், தோப்பும் நிழலும் உள்ள இடங்களில் இதை அதிகம் காணலாம். சாம்பல் உடலும் பின்கழுத்தில் ஒரு கறுப்பு அரைவளையமும் இருந்தால் கள்ளிப்புறா. இது திறந்த, வறண்ட நிலத்தை விரும்புவது, அறுவடைக்குப் பின் கூட்டமாக இறங்குவது. இரண்டையும் விடச் சிறியதாக, செம்மண் நிற முதுகோடு வீட்டுப் பக்கமும் முள்காட்டிலும் திரிவது தவிட்டுப்புறா. மூன்றும் தரையில் நடந்து விதை பொறுக்குபவை என்பதால் பின்வரும் வழிமுறைகள் மூன்றுக்கும் பொருந்தும். கோயில் கோபுரங்களிலும் கட்டடங்களிலும் வாழும் மாடப்புறாவின் பழக்கம் வேறு. அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

அறிகுறி 1: விதைத்த சில நாளில் விதை காணாமல் போகிறது, முளைப்பு திட்டுத்திட்டாக வருகிறது

*முதல் சோதனை: இது புறாவின் வேலைதானா?*

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் குனிந்து மண்ணைப் பாருங்கள். புறா கோழியைப் போலக் காலால் கிளறாது. அலகை மண்ணில் செருகி ஒரு பக்கமாகத் தள்ளும். அதனால் சிறிய, கூம்பு வடிவக் குழியும் அதன் ஓரத்தில் ஒருபுறமாக ஒதுங்கிய பொடிமண்ணும் மட்டுமே இருக்கும். பக்கத்திலேயே, முன்னே மூன்று விரலும் பின்னே ஒரு விரலுமாக, உள்நோக்கிச் சாய்ந்த சிறிய காலடிகள் நெருக்கமாகப் போயிருக்கும். மண் அகலமாகக் கிளறப்பட்டிருந்தால் அது மயில் அல்லது கவுதாரி; காலடியின் அளவே எது என்று சொல்லிவிடும். ஆழமாகத் தோண்டி, விதைத் தோலை அங்கேயே விட்டுச் சென்றிருந்தால் எலி. புறா விதையை முழுதாக விழுங்கிவிடும் என்பதால் தோல் கிடக்காது. காலடியே இல்லாமல் விதை குறைந்திருந்தால் எறும்புப் புற்றின் வாயைப் பாருங்கள். சிறுதானிய விதையை எறும்பு வரிசையாக இழுத்துப் போவது மானாவாரிக் காட்டில் அடிக்கடி நடப்பது.

*காரணம் அ: விதை மேல்மண்ணிலேயே கிடக்கிறது*

இதுதான் மிகச் சாதாரணமான காரணம், செலவே இல்லாமல் சரிசெய்யக் கூடியதும் இதுதான். விதைத்த காட்டில் நான்கைந்து இடங்களில் ஒரு முழச் சதுரம் அளந்து, கண்ணுக்குத் தெரியும் விதைகளை எண்ணுங்கள். நின்றபடியே விதை உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால், மரக்கிளையில் இருக்கும் புறாவுக்கும் தெரியும். தெளித்து விதைத்தவுடன் பரம்படிப்பதோ (பலகையை இழுத்து மண்ணைச் சமன்செய்வது), ஒரு பெரிய முட்கிளையைக் கட்டி இழுப்பதோ போதும். அன்று மாலையே இழுக்க வேண்டும். மறுநாள் காலை இரை நேரம் முடிந்தபின் இழுத்துப் பயனில்லை.

*காரணம் ஆ: மழைக்கு முன் விதைத்து, விதை நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறது*

புழுதி விதைப்பில் இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஆழத்தைக் கூட்டலாம். சோளத்தை மழைக்கு முன் 5 செ.மீ. ஆழத்தில் விதைக்கச் சொல்வது பருவமழையை எதிர்பார்த்துத்தான் என்றாலும், புறாவின் அலகு எட்டாத பாதுகாப்பும் அதில் சேர்ந்தே கிடைக்கிறது. குதிரைவாலி, சாமை போன்ற பொடி விதைகளை அத்தனை ஆழத்தில் போட்டால் முளை மேலே வராது. அவற்றுக்கு 2 முதல் 3 செ.மீ. ஆழமும் மேலே சிறிது மூடாக்கும் (வைக்கோல், தட்டை போன்றவற்றால் மண்ணை மூடுவது)தான் வழி.

*காரணம் இ: நிலம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது*

இதைப் பலர் நம்புவதில்லை. புறாவுக்குக் கால் குட்டை. அடர்ந்த புல்லிலும் தாள்கட்டையிலும் அதால் எளிதாக நடக்க முடியாது, வல்லூறு பாய்ந்தால் சட்டென்று எழும்பவும் முடியாது. ஆகவே கட்டை பொறுக்கி, சருகு எரித்து, வாசல் போலப் பெருக்கி வைத்த காடுதான் அதற்கு மிக வசதியான இடம். பக்கத்துக் காட்டில் பருத்திமார் (காய்ந்த பருத்திச் செடி) சிதறிக் கிடக்க உங்கள் காடு மட்டும் வெறுமையாக இருந்தால், கூட்டம் உங்களிடம்தான் வரும். சோதிப்பது எளிது: ஒரு சிறு பட்டையில் வைக்கோலோ சோளத்தட்டையோ மெல்லியதாகப் பரப்பிவிட்டு, இரண்டு காலை தள்ளி நின்று கவனியுங்கள். பறவைகள் அந்தப் பட்டையை விட்டு விலகி இறங்கினால் காரணம் உறுதியாகிவிட்டது; மூடாக்கை மற்ற இடங்களுக்கும் விரியுங்கள். முளை வெளியே வரும் அளவுக்கு மெல்லியதாகத்தான் பரப்ப வேண்டும்.

*காரணம் ஈ: விதைக்கும் முறை*

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் ஆண்டுதோறும் இழப்பு வருமானால், தெளிப்பை விட்டு வரிசை விதைப்புக்கு மாற வேண்டிய கட்டம் வந்துவிட்டது. விதைப்புக் கருவியை வாடகைக்கு எடுக்கும் செலவை மறுவிதைப்பின் விதைவிலை, ஆள்கூலி, தவறிப்போன ஈரம் மூன்றோடும் சேர்த்து எடை போடுங்கள். நாற்றங்காலுக்கு மட்டும் வலை போடலாம். நாற்றங்கால் வலையை உறுதியாக இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த நரம்பு வலையில் பறவை சிக்கிச் சாகும்.

*எப்போது அழைக்க வேண்டும்*

காலடி இல்லை, ஆழமும் சரி, தோண்டிப் பார்த்தால் விதை அங்கேயே அழுகியோ கோதாகவோ கிடக்கிறது என்றால், குற்றம் விதையில் இருக்கிறது. மீதி விதையை எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் முளைப்புத் திறன் பரிசோதனைக்குக் கொடுங்கள். பையையும் அதில் கட்டியிருந்த சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அறிகுறி 2: காட்டின் ஒரு பக்கம் மட்டும் சேதம், மறுபக்கம் நன்றாக இருக்கிறது

இந்த அறிகுறி கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. புறா வானத்திலிருந்து நேராக விதைமேல் இறங்குவதில்லை. முதலில் உயரமான, இலை குறைந்த ஓர் இடத்தில் அமர்ந்து, தலையைத் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்க்கும். பிறகு ஒன்று சறுக்கி இறங்கும், அது நிம்மதியாக நடப்பதைப் பார்த்துத்தான் மற்றவை வரும். இறங்கிய இடத்திலிருந்து தலையை ஆட்டியபடி உள்ளே நடந்து போகும். ஆகவே சேதம் அந்த அமரும் இடத்தை நோக்கிய பக்கத்தில் கனமாகவும், தள்ளிப்போகப் போக இலேசாகவும் இருக்கும்.

*சோதனை:* பொழுது விடிந்து வெயில் ஏறும் வரையிலும், பிறகு மாலை நான்கு மணியை ஒட்டியும், கிளுவை வேலிக்குப் பின்னாலோ கிணற்றுத் திண்டுக்குப் பின்னாலோ அசையாமல் உட்காருங்கள். இவையே அதன் இரை நேரங்கள். நடுப்பகலில் அது புளியிலோ வேம்பிலோ அடங்கிக் கிடக்கும், அப்போது போய்ப் பார்த்துவிட்டு ‘புறாவே இல்லை’ என்று திரும்புபவர்கள் பலர். எந்தக் கிளை, எந்தக் கம்பி, எந்தப் பனைமட்டை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

*அமரும் இடம் பட்டுப்போன கிளை என்றால்:* அந்தக் காய்ந்த கிளையை மட்டும் கழித்துவிடுங்கள். மரத்தை வெட்ட வேண்டாம். புறா நோட்டம் பார்ப்பதற்கு அடர்ந்த இலைக்குள் உட்காருவது குறைவு; இலையுள்ள மரம் அதற்கு உறங்குமிடம், நோட்டமிடம் ஆகாது. மரத்தையே எடுத்துவிட்டால் எலி பிடிக்கும் ஆந்தைக்கும், புறாவை அச்சுறுத்தும் வல்லூறுக்கும் இடமில்லாமல் போகும்.

*மின்கம்பி என்றால்:* கம்பியில் நீங்கள் எதையும் கட்டவோ எறியவோ கூடாது. கம்பிக்கு நேர் கீழே இருக்கும் பட்டையை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: அங்கே விதையை ஆழமாகப் போட்டு, மூடாக்கைக் கனமாக்கி, முட்கிளைகளைப் பரப்பி வைத்தால், இறங்குவதற்கு வெற்றுத் தரை கிடைக்காமல் கூட்டம் தயங்கும்.

*பூச்சி பிடிக்கும் கரிச்சானுக்காக நீங்களே நட்ட குச்சி என்றால்:* பறவைத் தாங்கிகள் நல்ல உத்திதான், ஆனால் விதைப்பன்றே நடக் கூடாது. பயிர் முழங்கால் உயரம் வந்தபின் நட்டு, மணி பிடிக்கும்போது பிடுங்கிவிடுங்கள்.

*வரப்போரம் என்றால்:* உளுந்து, பாசி விதைக்கும் காடுகளில் சுற்றிலும் மூன்று நான்கு வரிசை சோளமோ கம்போ முன்கூட்டியே விதைத்து எழுப்பிவிட்டால், தரையில் நிற்கும் புறாவின் பார்வை மறைகிறது. பார்வை மறையும் இடத்தில் அது நெடுநேரம் மேயாது. இதற்கு ஒரு பருவம் முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பதால்தான் கடைசியில் சொல்கிறேன். பலன் என்று பார்த்தால் இதையே முதலில் வைப்பேன்.

அறிகுறி 3: முளைத்தபின் பயறுச் செடியின் தலை வெட்டுப்படுகிறது

முளை மண்ணைப் பிளந்து, இரண்டு பருப்பிலைகளும் சதைப்பற்றோடு வெளியே தெரியும் சில நாள்கள்தான் ஆபத்துக் காலம். பருப்பிலை மட்டும் கிள்ளப்பட்டுத் தண்டு நின்றால் பறவை. தண்டே சாய்வாக அறுபட்டிருந்தால் முயல் அல்லது வெட்டுப்புழு. வெட்டுப்புழுவானால் செடியின் அடிமண்ணைக் கிளறினால் புழு சுருண்டு கிடக்கும். பறவை என்று உறுதியானால், முதல் நிஜ இலை விரியும் வரை காலையிலும் மாலையிலும் ஆள் காவல் இருப்பதே மலிவான தீர்வு. பளபளக்கும் நாடாவும் பொம்மையும் இந்தக் குறுகிய காலத்துக்குக் கைகொடுக்கும், தினமும் இடம் மாற்றினால்.

அறிகுறி 4: நிற்கும் கதிரில் மணி குறைகிறது

புறாவின் மேல் பழி போடும் முன் கதிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆடும் தட்டையில் தொற்றிக்கொண்டு கொத்தும் கால் புறாவுக்கு இல்லை. சோளக்கதிரும் மக்காச்சோளமும் குதறப்பட்டிருந்தால் கிளி. கம்பிலும் நெல்லிலும் மணி மட்டும் உதிர்ந்து உமி தொங்கினால் தூக்கணாங்குருவி, சில்லை போன்ற சிறு பறவைகள். புறா வருவது அந்தப் பறவைகள் கீழே சிந்தியதைப் பொறுக்கவும், சாய்ந்த பயிரில் தரையோடு கிடக்கும் கதிரைத் தின்னவும்தான். பயிர் சாய்ந்த இடத்தில் மட்டும் புறா இருந்தால், அந்தப் பகுதியை முதலில் அறுத்துவிடுங்கள். மற்றபடி இங்கே புறாவை விரட்டுவது வீண் வேலை.

அறிகுறி 5: எத்தனை விரட்டினாலும் அதே காட்டுக்குத் திரும்புகிறது

வெடி போட்டாயிற்று, நாடா கட்டியாயிற்று, பழைய சட்டையில் பொம்மையும் நின்றாயிற்று. ஒரு வாரத்தில் பொம்மையின் தோளிலேயே புறா உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். ஆபத்தில்லாத சத்தத்துக்கும் உருவத்துக்கும் பறவை விரைவில் பழகிவிடுகிறது. அதைத் திரும்ப இழுக்கும் பொருள் எது என்று கண்டுபிடிக்காமல் விரட்டுவதில் பலன் இல்லை.

*முதலில் தண்ணீரைப் பாருங்கள்.* காய்ந்த விதையே உணவாக இருப்பதால் புறாவுக்கு அன்றாடம் தண்ணீர் வேண்டும். கண்மாய் நிறைந்திருக்கும் காலத்தில் பறவைகள் பரவிப் போய்விடும்; வற்றிய காலத்தில் கிணற்றுத் தொட்டியும், சொட்டுநீர்க் குழாயின் கசிவும், ஆடுகளுக்கு வைத்த தண்ணீரும்தான் மிச்சம். மாலையில் தொட்டிக்கரையில் மறைந்திருந்து பார்த்தால் தெரியும்: புல் அடர்ந்த கரையை அது தொடவே தொடாது, சரிவாக, மண் தெரியும் பக்கத்தில் இறங்கி, இரண்டடி நடந்து நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, அலகை நீரில் அமிழ்த்தி, கோழியைப் போலத் தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் உறிஞ்சும். கண்ணி வைத்தவர்கள் காத்திருந்த இடம் இந்தச் சரிவான வெற்றுக்கரைதான்.

விதைப்புக் காலத்தில் மட்டும் குழாய்க் கசிவை அடைத்து, காட்டுக்குள் இருக்கும் சிறு குட்டையின் வெற்றுக்கரையில் முட்கிளை போட்டு வையுங்கள். கூடவே, காட்டிலிருந்து தள்ளி, தரிசுப் பக்கமாக ஓர் அகலத் தொட்டியில் தண்ணீர் வைத்துவிடுங்கள். தண்ணீரைத் தடுப்பதோடு நிறுத்திக்கொள்வது கோடையில் மற்ற உயிர்களையும் வாட்டும். வேறிடத்தில் தருவதுதான் அதை விட நன்றாக வேலை செய்கிறது.

*அடுத்தது உறங்குமிடம்.* பொழுது சாயும்போது கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலமும் சீமைக்கருவேலமும் முள்ளும் அடர்த்தியும் இருப்பதால் நல்ல தங்குமிடங்கள். உறங்குமிடத்துக்கும் தண்ணீருக்கும் இடையே உங்கள் காடு கிடந்தால், நீங்கள் நாள்தோறும் இரண்டு வேளையும் அதன் வழியில் இருக்கிறீர்கள். அத்தகைய காட்டில் தெளிப்பு விதைப்பு எப்போதும் இழப்பில்தான் முடியும். அங்கே ஆழ விதைக்கும் பயிரையோ பருத்தியையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

*கடைசியில் சிந்திய தானியம்.* சென்ற அறுவடையில் உதிர்ந்த எள்ளும் சோளமும் வரப்போரத்தில் கிடந்தால், புறா உங்கள் விதைக்காக வரவில்லை, அதற்காக வந்து விதையைக் கண்டுகொண்டது.

*எப்போது அழைக்க வேண்டும்:* இவை அனைத்தையும் ஒரு விதைப்புப் பருவம் முழுக்கச் செய்தும் குறையாவிட்டால், மதுரை ஒத்தக்கடையில் யானைமலை அருகே உள்ள வேளாண்மைக் கல்லூரி வளாகத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தில், காட்டின் கைவரைபடத்தோடு போய்ப் பேசுங்கள். மரம், தண்ணீர், சேதப் பட்டை மூன்றும் அதில் குறிக்கப்பட்டிருந்தால் அவர்களால் உடனே வழி சொல்ல முடியும். நேரில் போக முடியாதவர்கள் 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

அறிகுறி 6: இதுவரை இல்லாத கூட்டம் திடீரென்று வருகிறது

சுற்றுவட்டாரத்தில் ஏதோ மாறியிருக்கிறது. பக்கத்து ஊரில் மக்காச்சோள அறுவடை முடிந்து உடனே உழுதிருந்தால், அங்கே மேய்ந்த கூட்டம் இடம் பெயர்ந்திருக்கும். இது ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே கலையும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபின் பல கண்மாய்களில் அது வெட்டப்பட்டது; அப்படி வெட்டப்பட்ட கண்மாயை ஒட்டிய காடுகளில், அதில் தங்கிய பறவைகள் வரப்போர வேம்புக்கும் பனைக்கும் மாறி வருவதைப் பார்க்கலாம். சீமைக்கருவேலம் போனது நிலத்தடி நீருக்கு நல்லது என்றே நினைக்கிறேன்; ஆனால் அந்த இடத்தில் கரையோரமாக நாட்டுக் கருவேலமும் இலந்தையும் வைத்தால், கூட்டம் காட்டுக்குள் வராமல் கண்மாயோடு நிற்கும். இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. ஊராட்சியிடம் கேட்டு, பாசனக்காரர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி 7: களத்திலும் படப்பிலும் விழுகிறது

எள்கட்டை நிறுத்திக் காயவைத்த களம்தான் புறாவுக்கு மிகப் பிடித்த இடம். காய் வெடித்து உதிரும் எள்ளைப் பொறுக்கக் கூட்டமே இறங்கும். கட்டுக்குக் கீழே தார்ப்பாய் விரித்து, காலையும் மாலையும் உதிர்ந்ததைக் கூட்டி எடுத்துவிட்டால் போதும். காயவைத்த தானியத்தின் மேல் பழைய சேலையை விரிப்பதும் அதே பலனைத் தரும்.

அறிகுறி 8: மோட்டார் அறையிலோ வண்டியிலோ கூடு கட்டிவிட்டது

நான்கைந்து சுள்ளியை அடுக்கி அதுதான் கூடு என்று இரண்டு வெள்ளை முட்டை இட்டுவிடும். ஆகவே அது சுள்ளி கொண்டுவரும் முன்பே அத்தகைய இடுக்கை அடைத்துவிடுங்கள். கூடு கட்டிவிட்டால் கலைக்காமல் பொறுங்கள்: அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். கூடு மின்பெட்டிக்குள் இருந்து தீப்பற்றும் ஆபத்து என்றால் நீங்களாகத் தொடாமல் மின்வாரியத்துக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லுங்கள்.

அறிகுறி 9: காட்டில் புறாக்கள் செத்துக் கிடக்கின்றன

இதில் சோதித்துப் பார்க்க எதுவும் இல்லை, உடனே அழைக்க வேண்டும். விதை நேர்த்திக்குப் பூச்சிக்கொல்லி கலந்த விதையை மேலே சிந்தவிட்டால் அதைத் தின்று பறவை சாகலாம். ஆகவே கலந்த விதையின் மிச்சத்தை வரப்பில் கொட்டாமல், சிந்தியதை ஆழமாகப் புதைத்துவிடுங்கள். வேண்டுமென்றே நஞ்சு கலந்த தானியம் வைப்பவர்கள் புறாவை மட்டும் கொல்வதில்லை. 2018இல் மதுரை அருகே 40க்கும் மேற்பட்ட மயில்கள் செத்துக் கிடந்தது இங்குள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தத் தானியத்தை ஆடும் கோழியும் எட்டும், குழந்தையும் எட்டும்.

செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். நாயும் பூனையும் இழுக்காதபடி ஒரு கூடையைக் கவிழ்த்துக் கல் வையுங்கள். பறவையின் தொண்டைப்பையில் தானியம் இருந்தால் நஞ்சா என்று பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம் என்பதால் புதைத்துவிடவும் வேண்டாம். வனச்சரக அலுவலகத்துக்கு முதலிலும், உங்கள் வீட்டுக் கோழிகளும் தலை தொங்கி வெள்ளையாகக் கழிந்தால் கால்நடை மருந்தகத்துக்கு அதே நாளிலும் தகவல் சொல்லுங்கள். வெள்ளைக்கழிச்சல் புறாவுக்கும் கோழிக்கும் பொதுவான நோய். அவர்கள் வந்து பார்க்கும் வரை கோழிகளைக் கூட்டிலேயே அடைத்து வையுங்கள்.